நாலு லிட்டர் நன்னாரி!

சேலத்துக்காரர்களுக்கு மே மாதம் வந்தால் ஒரு வியாதி வரும். ஏற்காட்டு வியாதி. வெயில் மண்டையைப் பிளக்க ஆரம்பித்ததும், 'மேலே போனா ஜிலுஜிலுன்னு இருக்குமே!' என்று வீட்டுக்கு ஒருத்தர் ஆரம்பிப்பார். எங்கள் வீட்டில் அந்த ஒருத்தர் என் மாமியார்.

"மாப்பிள்ளை, காரு சும்மாதானே நிக்குது?"

போன வருஷம் மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். முன் ஸீட்டில் நானும், இன்ஜினீயரிங் படிக்கும் (அதாவது, படிப்பதாகச் சொல்லும்) என் மகனும். பின்னால் மனைவி, மாமியார், புளிசாதம், முறுக்கு டின். மலைப் பாதையில் மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். மாமியார் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "பதினொண்ணு... பன்னெண்டு..."

பதின்மூன்றில், டாஷ்போர்டில் அதுவரை சாதுவாக இருந்த ஒரு முள் தலை நிமிர்ந்தது. பதினான்கில் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பதினைந்தில் பானெட் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி.

"அப்பா, ஓவர்ஹீட்!" என்றான் மகன்.

"அதைச் சொல்றதுக்கா நாலு வருஷம் ஃபீஸ் கட்றேன்?"

ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினேன். ரேடியேட்டர் தலையில் ஒரு வட்ட மூடி. பாவம், தண்ணீர் இல்லாமல் தவிக்கிறது, ஒரு வாய் ஊற்றுவோம் என்று துண்டைச் சுற்றி மூடியில் கையை வைத்தேன்.

"யோவ்! கையை எடுய்யா!"

கீழே இறங்கிக்கொண்டிருந்த லாரி நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "மூஞ்சி வேணுமா, வேணாமா? ஒரு மணி நேரம் தொடாதே. ஆறட்டும்!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் பேர் தெரியாது. ஊர் தெரியாது. இன்றைக்கு நான் கண்ணாடி பார்த்து மீசை வெட்டுகிறேன் என்றால் அதற்கு அவர்தான் காரணம்.

விஷயத்தை மனைவிதான் எனக்கு விளக்கினாள். "குக்கர் விசில் அடங்காம யாராச்சும் மூடியைத் திறப்பாங்களா?"

அவ்வளவேதான்! ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல, குக்கர் வெயிட். உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கும். அந்த அழுத்தத்தில், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 115, 120 வரை கொதிக்காமல் தம் கட்டிக்கொண்டு நிற்கும். மூடியை லேசாகத் திருகினால் அழுத்தம் போச்சு. கொதிக்கிற தண்ணீரும் ஆவியும் ஒரே நொடியில் பீறிட்டு நம் முகத்துக்குத்தான் வரும். துண்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டா?

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதற்குள் முறுக்கு டின்னைக் குரங்குகள் பைசல் பண்ணிவிட்டன. ஆறிய பிறகு இரண்டு பாட்டில் தண்ணீரை ஊற்றி, காரைத் திருப்பி, இறக்கத்தில் உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

"மேல போயி ஒரு நன்னாரி சர்பத் குடிக்கலாம்னு நெனச்சேன். கொடுத்து வைக்கல" என்று பெருமூச்சு விட்டார் மாமியார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டிலே வாங்கிட்டு வந்துடறேன் அத்தை!" என்றேன்.

இந்த வாக்குறுதியை தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்துவிட்டேன். அவர் மறக்கவில்லை.

மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒழுகல் இல்ல. ஃபேன் ஓடுது. கூலண்ட்தான் செத்துப்போச்சு. மாத்தி எத்தனை வருஷமாச்சு ஸார்?" என்றார்.

"அதை மாத்தணுமா?"

தீபாவளிக்குத் தீபாவளி குளிக்கிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "குறைஞ்சப்போ என்ன ஊத்துனீங்க?"

"போர் தண்ணி..."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். தன் தலையில்தான். மாற்றுவதற்கு அவர் ஒரு தொகை சொன்னார். நியாயமான தொகைதான். ஆனால் எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது. பழசை இறக்கிப் புதுசை ஏற்றுவது ஒரு வேலையா? தொட்டித் தண்ணீரையே மாதம் ஒரு தடவை மாற்றுகிறவன் நான்!

அடுத்த ஞாயிறு. காலை ஆறு மணிக்கே களத்தில் இறங்கினேன். இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்தது. பாடம் கற்றவன் அல்லவா!

"அப்பா, தியரி தெரிஞ்சுக்கிட்டு ஆரம்பி" என்று மகன் திண்ணையில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு தெர்மோடைனமிக்ஸில் அரியர் இருப்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டேன். பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இந்தக் கூலண்ட்தான் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் இறக்கி வைக்கிறதாம். வெறும் தண்ணீரே சூட்டை நன்றாகச் சுமக்கும். ஆனால் சீக்கிரம் கொதிக்கும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஏற்காட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் எத்திலீன் கிளைக்கால் என்ற ஒரு வஸ்துவையும், துருவைத் தடுக்கும் மருந்துகளையும் சேர்க்கிறார்கள். கிளைக்கால் அவ்வளவு சீக்கிரம் கெட்டுப் போவதில்லை. இந்த மருந்துகள்தான் தீர்ந்துபோகின்றன. சில ரகம் இரண்டு வருஷம், சில ரகம் ஐந்து வருஷம். என்னுடையது எட்டு வருஷம்!

கீழே பிடிக்கப் பாத்திரம் வேண்டுமே? சமையலறைக்குள் நுழைந்து இட்லி மாவு அண்டாவைத் தொட்டேன். மனைவி பேசவில்லை. பார்த்தாள். அண்டாவை வைத்துவிட்டு, கொல்லையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் டப்பை எடுத்துக்கொண்டு வந்தேன்.

மேல் மூடியை முதலில் திறக்க வேண்டும். பிறகு, ரேடியேட்டரின் அடியில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும். அதைத் திறக்க வேண்டும். மல்லாக்கப் படுத்து, கண்ணால் பார்க்க முடியாத அதை விரலால் தேடினேன். "வரல... வரல..." என்று முக்கிக்கொண்டிருந்தேன். வந்துவிட்டது. டப்பில் பாதி, என் சட்டைக் கைக்குள் பாதி.

"உடனே சோப்புப் போட்டுக் கழுவுப்பா!" என்றான் மகன். கழுவினேன்.

வந்த திரவத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு காலத்தில் பளிச்சென்று சிவப்பாக இருந்திருக்க வேண்டும். இப்போது துரு கலந்து, செம்பழுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக... எதை மாதிரி இருந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

'சாக்கடையில கொட்டாதீங்க ஸார், பழசை எங்கிட்டயே கொண்டாங்க' என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். ரொம்பப் பொறுப்பாக, காலி கூல் டிரிங்க் பாட்டில்கள் நாலை எடுத்து, புனல் வைத்து நிரப்பி, மூடி, முன்வாசல் படிக்கட்டு ஓரமாக நிழலில் வரிசையாக நிற்க வைத்தேன். பார்க்க அழகாகவே இருந்தது.

பிறகு கழுவும் படலம். திருகை மூடி, தண்ணீர் ஊற்றி, ஹீட்டர் பட்டனைச் சூட்டுப் பக்கம் தள்ளி (ஆமாம், சேலத்தில், மே மாதத்தில், ஹீட்டர்! கூலண்ட் அந்தக் குழாய்க்குள்ளும் ஓடுகிறதே), இன்ஜினை ஓட விட்டு, அணைத்து, முழுக்க ஆற விட்டு, மறுபடி இறக்க வேண்டும். வருகிற தண்ணீர் தெளியும் வரை இப்படியே. நான் மூன்று தடவை செய்தேன். ஒவ்வொரு தடவையும் ஆறுவதற்கு ஒரு யுகம். நடுவில் சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஆயிற்று.

பிற்பகல் மூன்று மணிக்குப் புது கூலண்ட் டப்பாவைத் திறந்து நேராக ரேடியேட்டரில் சாய்க்கப் போனேன்.

"அப்பா! அது கான்சன்ட்ரேட்! பாதிக்குப் பாதி தண்ணி கலக்கணும்."

"காசு போட்டு வாங்கினதுல எதுக்குடா தண்ணி? பால்காரனா நான்?"

இங்கேதான் ஒரு வேடிக்கை. சுத்தமான எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது! நமக்கு எதற்கு உறைவதைப் பற்றிய கவலை என்கிறீர்களா? சூட்டைச் சுமப்பதிலும் தண்ணீர் கலந்த கூலண்ட்தான் கெட்டிக்காரன். தனியாக ஊற்றினால் இன்ஜின் இன்னும் அதிகமாகக் கொதிக்கும். (ஏற்கெனவே கலந்து விற்கும் ரகமும் உண்டு. அதில் மேற்கொண்டு கலக்கக்கூடாது. டப்பாவில் போட்டிருப்பதைப் படித்துவிடுங்கள். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் வெறும் சாயம். எந்த ரகம் என்பதை கார் புத்தகத்தில் பார்த்து வாங்க வேண்டும். இரண்டு ரகத்தைக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும்.)

"சரி, போர் தண்ணி பிடிச்சுட்டு வா" என்றேன். மகன் உள்ளே போய் வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்து வந்து காட்டினான். சுற்றிலும் சுண்ணாம்பு, கரும்புக்கு வெள்ளை அடித்த மாதிரி. "இதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் இருக்கு. அதான் பதினஞ்சாவது வளைவுல படுத்துருச்சு."

பையன் தேறிவிடுவான் என்று எனக்கு நம்பிக்கை வந்தது அப்போதுதான். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்கி வந்தான். கடைசியாக அதில் ஒரு தரம் அலசி இறக்கிவிட்டு, பாதிக்குப் பாதி கலந்து மெள்ள ஊற்றினோம். மூடியைப் போடாமலே இன்ஜினை ஓட விட்டோம். உள்ளே அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வந்தது. மட்டம் குறையக் குறைய ஊற்றினோம். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். 'விர்ர்' என்று ஃபேன் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. அடேயப்பா! பேரன் முதல் அடி எடுத்து வைத்த மாதிரி ஒரு பரவசம்! அணைத்து, மூடியை இறுக்கி, பக்கத்து டப்பாவில் இரண்டு கோட்டுக்கும் நடுவே நிரப்பிவிட்டு, வெற்றி வீரனாகக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். படிக்கட்டு ஓரம் பாட்டில்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

மூன்றுதான்.

"அத்தை! இங்க இருந்த பாட்டில்..."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நன்னாரிதானே? ஒண்ணு எடுத்தேன் மாப்பிள்ளை. சொன்னபடி வாங்கிட்டு வந்துட்டீங்களே! அதுக்காக நாலு பாட்டிலா?"

நான் ஓடிய ஓட்டத்தில் இடுப்புத் துண்டு நின்றது யார் செய்த புண்ணியமோ! உள்ளே மேடை மேல் டம்ளர். பாதி எலுமிச்சம்பழம். ஐஸ் தண்ணீர். பக்கத்து வீட்டு நாலு வயசுப் பொடியன் ஸ்டூலில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டு, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து...

பிடுங்கினேன். டம்ளர் சுவரில் மோதி உருண்டது. பொடியன் வீல் என்று அழுதான்.

"அத்தை... குடிச்சானா?"

"இப்பத்தானே கலக்கிக் கொடுத்தேன்! எனக்குச் சர்க்கரை, அதனால நான் டேஸ்ட்கூடப் பாக்கல. ஏன், என்ன ஆச்சு?"

பொடியன் அழுகைக்கு நடுவே ஆள்காட்டி விரலைக் காட்டினான். "தொட்டு நக்கினேன் தாத்தா. இனிப்பா இருந்துச்சு."

இனிப்பாக இருக்கிறது. அதுதான் இந்த விஷத்தின் விசேஷம். கசந்தால் குழந்தை துப்பிவிடும். இது தித்திக்கும். நாய், பூனைகூட நக்கும். பூனைக்குக் கொஞ்சம் போதும், கதை முடிந்துவிடும். வெளிநாடுகளில் பல கம்பெனிகள் இதில் வேண்டுமென்றே ஒரு கசப்பு மருந்தைக் கலக்கிறார்கள். எல்லா டப்பாவிலும் அது இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

பக்கத்து வீட்டுக்கு நானேதான் போய்ச் சொன்னேன். அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்புக்கூடப் போடாமல் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்து காரில் உட்கார்ந்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அதே கார். முள் நடுவில் அழகாக நின்றது. அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "பாட்டிலைக் கொண்டு வந்தீங்களா?" மகன் புத்திசாலித்தனமாக அந்த பாட்டிலையும், புது கூலண்ட் டப்பாவையும் எடுத்து வந்திருந்தான். டப்பாவில் போட்டிருந்ததை அவர் இரண்டு தடவை படித்தார். பொடியனின் ரத்தமும் சிறுநீரும் சோதனைக்குப் போயின.

"கலக்கின டம்ளர்ல ஒரு விரல் தொட்டதுன்னா ஒண்ணும் ஆகாது. ஆனா, 'ஒரு விரல்'னு சொல்றது நாலு வயசுப் பையன். அதை நம்பி நான் வீட்டுக்கு அனுப்ப முடியாது. ராத்திரி இங்க இருக்கட்டும்" என்றார்.

அந்த ராத்திரி வராந்தாவில் அவர் எனக்குச் சொன்னவை: முதல் சில மணி நேரம் குடித்தவனைப் போல ஒரு தள்ளாட்டம் மட்டும் இருக்கும். 'தூக்கக் கலக்கம்' என்று படுக்கப் போட்டுவிடுவார்கள். அதற்குள் ஈரல் இதை வேறு ஒன்றாக மாற்றிவிடும். கடைசியில் ஆக்ஸாலிக் அமிலமாகி, சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து, சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படியும். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். சீக்கிரம் கொண்டு வந்தால் மாற்று மருந்து இருக்கிறது, டயாலிசிஸ் இருக்கிறது. சாராயச் சத்தும் ஒரு மாற்று மருந்துதானாம்! ஈரல் அதைக் கவனித்துக்கொண்டு இதை விட்டுவிடுமாம். (அதற்காக யாரும் வீட்டில் பிராந்தி பாட்டிலைத் தேட வேண்டாம். அளந்து கொடுப்பது டாக்டர் வேலை. நம் வேலை 108-ஐக் கூப்பிடுவது.)

இதற்கு டைஎத்திலீன் கிளைக்கால் என்று ஒரு பங்காளி உண்டு. அதுவும் இனிப்பு. 1937-ல் அமெரிக்காவில் ஒரு மருந்தை அதில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் செத்தார்கள். பல பேர் குழந்தைகள். மறு வருஷமே அங்கே மருந்துச் சட்டத்தை மாற்றி எழுதினார்கள். அப்புறமும் தீரவில்லை. 2025-ல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற இருமல் மருந்திலும் அதே பங்காளிதான்.

விடிந்தது. சோதனை முடிவுகள் எல்லாம் சரி. பொடியன் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு, "தாத்தா, இன்னும் ஒரு ஜூஸ்" என்றான். எனக்கு வயது ஐம்பத்திரண்டு. தாத்தா என்றால் எப்போதும் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை. அவன் அம்மா அப்போதுதான் முதல் தடவையாக என்னைப் பார்த்து, "நீங்க சொல்லாம மறைச்சிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

கூலண்ட் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை, யார் வேண்டுமானாலும் செய்யலாம். சூட்டில் மூடியைத் தொடாதீர்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஆனால் இந்த வேலையில் பெரிய ஆபத்து காருக்குள்ளே இல்லை; வெளியே எடுத்து வைக்கிறோமே, அதில் இருக்கிறது. குடிக்கிற பாட்டிலில் குடிக்கக் கூடாததை ஊற்றாதீர்கள். கூலண்ட் மட்டும் இல்லை. மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட், எதையுமே. வந்த டப்பாவிலேயே திரும்ப ஊற்றி, எழுதி ஒட்டி, பூட்டி வையுங்கள். தரையில் சிந்தியதையும் தண்ணீர் விட்டுக் கழுவி விடுங்கள். தெரு நாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது.

மெக்கானிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை மிச்சம் பிடித்தேன். ஆஸ்பத்திரி பில் அதைப்போல எத்தனை மடங்கு என்று நான் சொல்லப் போவதில்லை. மனைவி சொல்லிக்கொண்டிருக்கிறாள், தினமும்.

ஜூலையில் மறுபடி ஏற்காடு போனோம். பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்தார்கள். பொடியன் என் மாமியார் மடியில். இருவருமாகச் சேர்ந்து இருபது வரை எண்ணி முடித்தார்கள். முள் அசையவே இல்லை. மேலே போனதும் மாமியார் ஆசை ஆசையாக நன்னாரி சர்பத் வாங்கினார். எல்லோருக்கும் டம்ளர் வந்தது. யாரும் வாயில் வைக்கவில்லை.

"மொதல்ல மாப்பிள்ளை குடிக்கட்டும்" என்றார் மாமியார்.

குடித்தேன். ஐந்து நிமிஷம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகுதான் மற்றவர்கள் குடித்தார்கள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காபியானாலும் சரி, மோரானாலும் சரி, முதல் டம்ளர் எனக்குத்தான். வருகிற விருந்தாளிகள் எல்லாம் 'மாப்பிள்ளைக்கு என்ன மரியாதை!' என்று வியந்து போகிறார்கள்!